இடத்துச் சிலேட்டு

வெள்ளைச்சாமி மாட்டுத் தரகர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், பஸ் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்கிற ஊர் ஒன்றில் அவருக்கு வீடு. மாட்டின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்து வயசு சொல்லிவிடுவார். சுழி பார்த்து, அதை வாங்குகிற வீட்டில் எந்த மாசம் யார் படுக்கையில் விழுவார்கள் என்றும் சொல்வார். விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். அது தோள்துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துச் சொல்கிற சமாசாரம். துண்டுக்குள்ளே தான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. துண்டுக்கு வெளியே சொன்னவற்றுக்கு அவர் பொறுப்பில்லை.

அவர் சொல்கிற பொய்கள் சந்தையில் நன்றாக விலைபோகும். வீட்டில்தான் போணியாகாது. அவர் மனைவி தனம், பொய் வாசப்படி தாண்டுவதற்குள் அதன் வாலைப் பிடித்துவிடுவாள். "எங்க, மூஞ்சைக் காட்டிச் சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். அவ்வளவுதான், வெள்ளைச்சாமி உண்மையைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

யுத்தம் முடிவதற்கு முந்தின வருசத்துக் கோடையில் இந்த வீட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தது. கஷ்டம் என்பது, மூத்த பிள்ளை ராசாத்தியின் இடது கை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலில் மணல்தான். விஜயதசமியன்று பிள்ளையை உட்கார வைத்தால், மாசக்கணக்கில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் சிலேட்டு. எட்டு வயசு ராசாத்தியும் ஏழு வயசுத் தம்பி கண்ணையனும் ஒரே நாளில் உட்கார்ந்தார்கள். ஏனென்றால் அக்கா இல்லாத இடத்தில் கண்ணையன் உட்கார மாட்டான். ராசாத்திக்கு எழுத்து சீக்கிரம் வந்தது. ஆனால் இடது கையில் வந்தது. அதுவும் மறுபக்கமாகத் திரும்பிக்கொண்டு வந்தது. 'அ' எழுதினால், கிழக்கே போக வேண்டிய கொம்பு மேற்கே போனது.

சாமிக்கண்ணு வாத்தியார் பொறுத்துப் பார்த்தார். பிரம்பால் விரலில் தட்டிப் பார்த்தார். கடைசியில் லீவு விடும்போது தனத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மணல்ல எழுதினது போனாப் போவுது தனம். மணலு பூமாதேவி, அவ பொறுத்துக்குவா. சிலேட்டு அப்பிடியில்ல, சரசுவதி. அதுல பீச்சாங்கை பட்டுச்சு, அன்னிக்கே பேரை எடுத்துடுவேன்."

கண்ணையன் அங்கேயே சொன்னான்: "அக்கா வல்லன்னா நானும் வல்ல."

தனம் வீட்டுக்கு வந்து பழைய சீலையைக் கிழித்து, ராசாத்தியின் இடது கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சுற்றிக் கட்டினாள். கோபத்தில் கட்டவில்லை. தலை சீவிவிடுகிற மாதிரி நிதானமாகத்தான் கட்டினாள். கோடை முழுக்க அந்தக் கட்டு இருந்தது. குளிக்கும்போது மட்டும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். சோறு தின்ன வலது கைக்குச் சின்ன வயசிலேயே பழகிவிட்டது. கூட்டுவதற்கும் பழகிக்கொண்டது. எழுத்துக்கு மட்டும் பழகவில்லை. வலது கையில் அவள் எழுதிய எழுத்து, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது.

வெள்ளைச்சாமி இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"புள்ளை மேல குத்தமில்ல தனம். சாமான்ல குத்தம்."

"எந்தச் சாமான்ல?"

"சிலேட்டுல. நொகத்தடியில இடத்து மாடுன்னு ஒண்ணு, வலத்து மாடுன்னு ஒண்ணு. இடத்து மாட்டைக் கொண்டுபோயி வலத்துல பூட்டினா அது வண்டியைக் கெணத்துல எறக்கிடும். செருப்புல இடம் வலம் உண்டு. கருக்கருவாள்லகூட, பீச்சாங்கைக்காரன்னு சொன்னா கொல்லன் பல்லை மறுபக்கமா வெட்டித் தரான். சிலேட்டுல மட்டும் இல்லாமலா போவும்? இருக்கும். நாமதான் கேக்கல."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பெரம்பலூர்ல இருக்காது. ரயில் வராத ஊரு. அரியலூர்ல இருக்கும்."

தனம் அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக அதில் தெரிகிற பொய் இந்தத் தடவை தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் கவலையாக இருந்தது.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது" என்றாள். "அதுக்குள்ள அந்த மாதிரி ஒண்ணு வந்தா நான் கட்டை அவுக்கிறேன். இல்லன்னா அவ திருமழபாடிக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போவட்டும். ஆத்தங்கரையில மாடு மேய்க்க ஆளு இல்லன்னு சொல்லிவுட்டிருக்காங்க. அதுக்கு ஒரு கை போதும்."

"சரி."

"நீங்க வந்து சொல்றது கணக்கில்ல. புள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க. அதுங்க வாயால நான் கேட்டுக்கிறேன்."

இப்படித்தான் சனிக்கிழமை காலையில் மூன்று பேரும், மஞ்சள் பையில் வரகுச் சோற்றையும் வெங்காயத்தையும் கட்டிக்கொண்டு, வேகம் குறைகிற இடத்தில் ஓடிப்போய் பஸ் ஏறினார்கள்.

*

அப்போது பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி ஓட்டினார்கள். ஏறுகிறவர்கள் வெள்ளை வேட்டியோடு ஏறி, இறங்கும்போது கொல்லர்களாக இறங்குவார்கள். மேடு வந்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். ஆம்பிளைகள் இறங்கித் தள்ளுவார்கள். காசு கொடுத்து பஸ்ஸைத் தள்ளுவதில் யாருக்கும் வருத்தமில்லை. யுத்தத்துக்குத் தங்களால் ஆன உதவி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் ராசாத்தியின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"புள்ளைக்குக் கையில என்னங்க?"

"ஒண்ணும் இல்ல. பழக்கிட்டிருக்கோம்" என்றார் வெள்ளைச்சாமி.

"விழுந்துட்டாளா?"

"விழல. பழக்குறோம்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க வூட்லயும் ஒரு கெடாரியை இப்பிடித்தான் காலைக் கட்டிப் பழக்கினோம்" என்றார். "அப்புறம் அது நடக்கவே மாட்டேன்னுடுச்சு." இதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கூடைக்குள் கோழிகளும் தூங்கின.

ஆனி மாசத்துக் காற்று பஸ்ஸின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. சாலையோரத்தில் உழுது போட்ட கரிசல், வெயிலில் வாய் பிளந்து கிடந்தது. தூரத்தில் கானல் ஓடியது. அதில் பனைமரங்கள் காலை நனைத்துக்கொண்டு நின்றன. ராசாத்தி கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தாள். தண்ணீருக்குள்ளே இன்னொரு வரிசைப் பனைமரம் தலைகீழாக நின்றது. அங்கேயும் ஒரு பஸ் போகும், அதிலும் கோழிகள் தூங்கும், அந்த பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு எந்தக் கையைக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். கண்ணையன் அவள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினான். மேட்டில் அப்பா இறங்கித் தள்ளுகிற சத்தம், ரொம்ப தூரத்தில் யாரோ மாடு ஓட்டுகிற மாதிரி கேட்டது.

*

அரியலூர்க் கடைத்தெருவில் பாலசுந்தரத்தின் கடை. முன்னால் சிலேட்டு, அரிச்சுவடி, மைக்கூடு, பேனாக்கட்டை. பின்னால் அச்சுக்கூடம். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் கல்யாணப் பத்திரிகை பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. மாப்பிள்ளை பேரும் பெண்ணின் பேரும் மட்டும் கொள்ளும். மாமன்மார் பேரெல்லாம் போடாததால் அந்த வருசம் பல கல்யாணங்களில் சண்டை. மற்றபடி பாலசுந்தரம் அமைதியான மனுசர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, எந்த நேரமும் எதையோ பிழை திருத்துகிற மாதிரி உலகத்தைப் பார்ப்பார்.

"வாங்க. என்ன வேணும்?"

"சிலேட்டு பார்க்கணுங்க மொதலாளி."

பாலசுந்தரம் நாலைந்து எடுத்து வைத்தார். வெள்ளைச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஒரு சிலேட்டை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார். சட்டத்தின் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். கல்லை வெயிலுக்குச் சாய்த்து, சுழி ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றில் மெல்லிய கோடு ஓடியிருந்தது. "இது ஆவாது. வூட்டுக்கு ஆவாது" என்று அதை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"எந்த ஊர் உருப்படிங்க?"

"கர்நூல் பக்கம். ரயில்ல வரணும். இப்ப பட்டாளம் ஏறி முடிஞ்சு மிச்சம் இருக்கிற எடத்துலதான் வருது."

"முன்னாடி யாரும் வச்சிருந்ததா?"

"சிலேட்டையா?"

"வேலை செஞ்சதான்னு கேட்டேன்."

"புதுசுங்க. இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல."

"பல்லே போடலைங்கிறீங்க." வெள்ளைச்சாமிக்குத் திருப்தி. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கண்ணையன் கையில் கொடுத்தார். "இது பையனுக்கு ஆச்சு. வலத்து. இப்ப புள்ளைக்கு ஒண்ணு இடத்துல எடுங்க."

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எதுல?"

"இடத்துச் சிலேட்டு. பீச்சாங்கைக்கு."

"அப்பிடி ஒண்ணு இல்லைங்களே."

வெள்ளைச்சாமி மெல்லச் சிரித்தார். சந்தையில் நல்ல மாட்டை வைத்திருக்கிறவன் எவனும் முதலில் 'இருக்கு' என்று சொன்னதில்லை. பின்னால் கட்டியிருப்பான். கேட்கிறவன் தரத்தைப் பார்த்துத்தான் அவிழ்த்துக்கொண்டு வருவான். கடைக்காரர் தொழில் தெரிந்தவர்தான் என்று அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

"அவசரமில்லீங்க" என்றார். "பொறுமையா யோசிங்க." வாசலில் கிடந்த கள்ளிப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. சிலேட்டு சிலேட்டுதான்."

"மாடும் மாடுதாங்க."

"சிலேட்டுக்கு ஏதுங்க இடமும் வலமும்?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்."

மாட்டுத் தரகர்கள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வெயில் நகர்ந்தது. வேறு ஆட்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். வருகிறவர்களிடம் வெள்ளைச்சாமி கடையைப் பற்றி நல்லபடியாகவே சொன்னார். "நல்ல சரக்கு வச்சிருக்கார். ஆனா வெளிய எடுக்க மாட்டேங்கிறார்." பாலசுந்தரம் எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார்.

கண்ணையன் சிலேட்டுக் குச்சிகள் இருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றை வாயில் வைத்துப் பார்த்தான்.

"அப்பா, இது நல்லாருக்கு."

"தின்னாதடா. எழுதுறதுக்குடா அது."

"எழுதுறதுக்குன்னா வேற குச்சி வாங்கு. இது நல்லாருக்கு."

ராசாத்தி கண்ணாடி அலமாரிக்கு எதிரே நின்றாள். உள்ளே மைக்கூடுகள். மைக்கூடுகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை நின்றது. அவளைப் போலவே பாவாடை, அவளைப் போலவே எண்ணெய் வழிகிற நெற்றி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வலது கையைக் கட்டியிருந்தது. இடது கை சும்மா தொங்கியது. ராசாத்தி வெகு நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் வாத்தியார்கள் எப்படியிருப்பார்கள், அங்கே சோற்றை எந்தக் கையால் பிசைவார்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது போலத்தான் தெரிந்தது.

மத்தியானம் மூன்று பேரும் கடை வாசலிலேயே சோற்றை அவிழ்த்தார்கள். வெள்ளைச்சாமி ஒரு உருண்டையை வெங்காயத்தோடு நீட்டி, "மொதலாளி, சாப்பிடுங்க" என்றார். ஆள் உட்கார்ந்திருக்கிற கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாமல் பசியோடு இருந்த பாலசுந்தரம், கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கித் தின்றார். வரகுச் சோறு நன்றாகவே இருந்தது. தின்ற பிறகு அவருக்கு இந்த மனுசரை வைய முடியாமல் போய்விட்டது. வேறு வழி தெரியாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"வாங்க, மிசின் காட்டுறேன்."

*

உள்ளே இருட்டும் எண்ணெய் வாசமும். கூரையிலிருந்த ஒரே கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கி, தூசியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. மிதிக்கிற மிசின் ஒன்று ஓய்ந்து நின்றது. அடுக்கடுக்காகச் சாய்ந்த மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் குருவிக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். அறை அறையாக ஈய எழுத்து.

ராசாத்தி எட்டிப் பார்த்தாள். ஒன்றை வலது கையால் எடுத்து வெயிலில் பிடித்தாள். 'அ'. அதன் கொம்பு மேற்கே போயிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். 'ண'. அதுவும் திரும்பி நின்றது. மணலில் அவள் எழுதி, வாத்தியார் காலால் அழித்த எழுத்தெல்லாம், அழியாமல் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா!" என்று கத்தினாள். "இங்க பாரு! எல்லாம் என் எழுத்து!"

வெள்ளைச்சாமி உள்ளே வந்தார். ஒரு எழுத்தை வாங்கி, பல் பார்க்கிற மாதிரி பார்த்தார். அடுத்த பெட்டியைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு பாலசுந்தரத்தின் பக்கம் துக்கத்தோடு திரும்பினார்.

"ஏங்க மொதலாளி, இல்லவே இல்லன்னீங்க. உள்ள பெட்டி பெட்டியா இடத்துச் சரக்கு வச்சிருக்கீங்க."

"ஐயோ, இது அச்செழுத்துங்க. இப்பிடித்தாங்க இருக்கும்."

"அதைத்தான் காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

பாலசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, பேசிப் பிரயோசனமில்லை என்று, ராசாத்தியின் பேரைக் கேட்டார். நாலு எழுத்தைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார். உருளையால் மையைத் தடவி, ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தார். காகிதத்தில் 'ராசாத்தி' என்று, ஊரில் எல்லாரும் எழுதுகிற மாதிரியே நேராக இருந்தது.

ராசாத்தி ஈயத்தைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மறுபடி ஈயத்தைப் பார்த்தாள்.

"ஈயத்துல இந்தப் பக்கம்" என்றாள். "தாள்ல அந்தப் பக்கம்."

"அதேதான். நீ எழுதறது ஈயத்துப் பக்கம்மா. ஊர்ல படிக்கிறது தாளுப் பக்கம்."

"அப்ப நான் புரட்டிப்போட்டு எழுதினா?"

"தாளுப் பக்கம் வந்துடும். எழுதிக் காட்டேன்."

அவள் எழுதவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அப்போதுதான் பாலசுந்தரமும் அதைக் கவனித்தார்.

"கையில என்னம்மா? புண்ணா?"

"இல்ல" என்றாள் ராசாத்தி. "கை."

பாலசுந்தரத்துக்கு விளங்கவில்லை. கண்ணையன்தான் வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டு விளக்கினான்.

"பீச்சாங்கை பட்டா வாத்தியாரு பேரை எடுத்துடுவாராம். அதான் அம்மா கட்டிடுச்சு. இடத்துச் சிலேட்டு கெடைச்சா அவுத்துடும். கெடைக்கலன்னா அக்கா திருமழபாடிக்கு மாடு மேய்க்கப் போவுது. நானும் போறேன். அங்க ஆத்துல முதலை இருக்காம்."

"முதலை எல்லாம் இல்ல" என்றாள் ராசாத்தி.

"இருக்கு."

பாலசுந்தரம் மையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு கடைக்குப் போனார். ராசாத்தி பின்னாலேயே வந்து அலமாரிக்கு எதிரே நின்றாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒரு சிலேட்டை உருவினார். கயிறு கட்டிக்கொள்வதற்காக எல்லாச் சிலேட்டுச் சட்டத்திலும் மேல் மூலையில் ஒரு ஓட்டை இருக்கும். மற்றதிலெல்லாம் அது வலப்பக்கம் பார்த்து நின்றது. அவர் கையிலிருந்ததை, தோசையைப் புரட்டுகிற மாதிரி ஒரு புரட்டுப் புரட்டினார். அவர் புரட்டியதை அலமாரிக் கண்ணாடியில் ராசாத்தி பார்த்தாள். கண்ணாடிக்குள் நின்ற பிள்ளையும் பார்த்தது. இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

"இருக்குங்க" என்று திரும்பினார் பாலசுந்தரம். "உள்ளடுக்குல கெடந்துச்சு. மறந்துட்டேன். பாருங்க, ஓட்டை இடப்பக்கம்."

வெள்ளைச்சாமி சிலேட்டைத் தொடவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினார். "கையைக் குடுங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"குடுங்க மொதலாளி."

துண்டுக்குள் இரண்டு கைகளும் போயின. கடைத்தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பேனாக்கடையில் என்ன மாடு என்று ஒருவர் கேட்டார். வெள்ளைச்சாமி, பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"துண்டுக்குள்ள பொய் கெடயாது. இப்ப சொல்லுங்க. என் புள்ளைக்கு இது இடத்துச் சிலேட்டா?"

பாலசுந்தரம் வாழ்க்கையில் பிழை திருத்தியே பழகியவர். தெரிந்தே ஒரு பிழையை அச்சுக்குக் கொடுத்ததில்லை. ராசாத்தியைப் பார்த்தார். அவள் அலமாரிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார். "இடத்துச் சிலேட்டு."

வெள்ளைச்சாமி அவர் விரல்களை மெல்ல ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அது எந்த விலைக்கான பிடி என்று பாலசுந்தரத்துக்குத் தெரியாது. சந்தையில் அப்படி ஒரு பிடியே இல்லை.

*

பஸ்ஸில் ராசாத்தி தூங்கியும் தூங்காமலும் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, ஈயத்துப் பக்கத்திலிருந்து தாளுப் பக்கத்துக்குப் புரட்டிப் போட்டாள். சிலது சுலபமாகப் புரண்டது. 'ஜ' மட்டும் எந்தப் பக்கம் போட்டாலும் உருண்டு ஓடியது. பொழுது இறங்கி, கானலில் நின்ற பனைகள் கரைக்கு ஏறிவிட்டிருந்தன.

விளக்கு வைத்ததும் தனம் விசாரணையைத் தொடங்கினாள். முதலில் கண்ணையன்.

"இருக்கும்மா! உள்ள பெட்டி பெட்டியா இடத்து எழுத்து இருக்கு. நான் தொட்டேன். பாரு கையை." கை கறுப்பாக இருந்தது. சாட்சி பலமாகத்தான் இருந்தது.

தனம் மகளிடம் திரும்பினாள். "நீ சொல்லு."

"கடைக்காரர் சொன்னாரும்மா. அப்பா துண்டுக்குள்ள கையைப் புடிச்சுக் கேட்டாரு. இடத்துச் சிலேட்டுன்னாரு."

"துண்டுக்குள்ளயா?"

"ம்."

வெள்ளைச்சாமி அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனம் இன்று அவர் முகத்தைக் காட்டச் சொல்லவில்லை. சிலேட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம். பிறகு கண்ணையனின் சிலேட்டையும் எடுத்து, அதையும் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தாள். சோளச்சோற்றைப் போட்டுவிட்டு, எல்லாரும் தின்று முடித்ததும், ராசாத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

கை வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. தனம் விளக்கெண்ணெய் எடுத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள்.

"வலிக்குதா?"

"கூசுது."

*

திங்கட்கிழமை காலை தனமும் கிளம்பினாள். "நீ எதுக்கு?" என்றார் வெள்ளைச்சாமி. "நானும் வரேன்" என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

சாமிக்கண்ணு வாத்தியாருக்கு அன்று மனசு சரியில்லை. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்திருந்தது. வரும்போது பெஞ்சில் தலை குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். காலையில் வந்திருந்த தலைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். எண்ணுவதால் தலை கூடுவதாகத் தெரியவில்லை.

"என்ன தனம், கட்டை அவுத்துட்டே. சோத்தாங்கை பழகிடுச்சா?"

"இல்லீங்க சார். சிலேட்டை மாத்திட்டோம்." தனம் நீட்டினாள். "இது இடத்துச் சிலேட்டு. அரியலூர்லேருந்து வந்துது."

வாத்தியார் சிரித்தார். "அப்பிடி ஒண்ணு ஒலகத்துலயே கெடயாது. யாரு, ஓம் புருசன் சொன்னானா?"

வெள்ளைச்சாமி வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் தனம்.

"சார், நீங்க படிச்சவங்க. நாங்க மாட்டுக்கார வூடு. ஆனா அரியலூர்ல அச்சாபீசே வச்சிருக்கிறவரு, பெட்டி பெட்டியா எழுத்து வச்சிருக்கிறவரு, கையைக் குடுத்துச் சொல்லியிருக்காரு. பாருங்க. ஓட்டை எந்தப் பக்கம் இருக்கு?"

"இடப்பக்கம்."

"எம் பையன் சிலேட்டுல?"

"வலப்பக்கம்."

"அப்புறம் என்னங்க சார்?"

சிலேட்டு வாத்தியார் கையில் இருந்தது. ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். அவர் விரல் சட்டத்தின் ஓரம்வரை போனது. தனம் அவர் விரலைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள், நேராக, கண் கொட்டாமல். தன் வீட்டில் ஒரு பொய்யை உள்ளே விடாதவள், வாசலில் அத்தனை பிள்ளைகள் பார்க்க, ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கண்ணையன் ஒரு காலைப் படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தான். வாத்தியார் அந்த இரண்டு தலைகளையும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு ராசாத்தியிடம் சிலேட்டைக் கொடுத்தார். பிரம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கண்டிப்பாகச் சொன்னார்.

"நல்லா கேட்டுக்க. இது இடத்துச் சிலேட்டு. இதுல சோத்தாங்கை பட்டுச்சு, அன்னிக்கே பேரை எடுத்துடுவேன்."

"சரிங்க சார்" என்றாள் ராசாத்தி.

கண்ணையன் இன்னொரு காலையும் உள்ளே எடுத்து வைத்தான்.

தனமும் வெள்ளைச்சாமியும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். காற்று எதிர்த்தடித்தது. வெள்ளைச்சாமிக்குத் தொழில் ரீதியாக ஆச்சரியமாக இருந்தது.

"தனம்."

"ம்."

"வர்ற சந்தைக்கு நீயும் வரியா?"

"பேசாம நடங்க."

"இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். நான்கூட அவ்ளோ நேரா மூஞ்சியப் பார்த்து..."

தனம் சட்டென்று நின்று கையைக் காட்டினாள். பின்னால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'அ' என்று இழுத்துக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். காற்று அதைக் கொண்டுவந்தது, எடுத்துக்கொண்டு போனது, மறுபடி கொண்டுவந்தது.

"என்ன?" என்றார் வெள்ளைச்சாமி.

"சத்தம் போடாதீங்க" என்றாள் தனம். "அவ குரல் வருது."